எட்டு நாளில் எழுதியது, எட்டு வருஷம் காத்திருந்தது

பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் அந்த ஓப்பராக் கதையை எட்டு நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். மெதுவாகவும் சிரமப்பட்டும் எழுதுகிற தனக்கு அது எப்படி முடிந்தது என்று தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ரவேல் இசையமைத்து அது மேடை ஏறியது 1925 மார்ச்சில். கதை எழுதப்பட்டபோது தவழ்ந்தும் நடந்தும் திரிந்த கொலெத்தின் மகளுக்கு அப்போது பதினோரு வயது. இடையில் ஒரு உலகப்போர் முடிந்திருந்தது, ஒரு தாய் இறந்திருந்தார், கதையின் ஒரு பிரதி தபாலில் தொலைந்தே போயிருந்தது.

'குழந்தையும் மாயங்களும்' என்று நாம் சொல்லக்கூடிய ஓப்பரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகம் அது. மொத்தமே முக்கால் மணி நேரம்தான். வீட்டுப்பாடம் எழுத மறுக்கும் ஒரு சிறுவன் அறையிலுள்ள பொருள்களையெல்லாம் உடைக்கிறான், கிழிக்கிறான். அப்புறம் அவன் உடைத்தவையும் கிழித்தவையும் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வந்து அவனிடம் கணக்குக் கேட்கின்றன. இதைக் குழந்தைகளுக்கான ஓப்பரா என்று பட்டியலில் போட்டு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம் செய்வார்கள். குழந்தைகள் வரட்டும், தப்பில்லை. ஆனால் இதைக் கேட்டு உள்ளுக்குள் கலங்குவது பெரும்பாலும் பெரியவர்கள்தான். முதலில் கலங்கியவர் அதை எழுதியவரே. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பாரிஸ் ஓப்பராவின் இயக்குநராக 1914இல் பொறுப்பேற்றவர் ழாக் ரூஷே. போர்க்காலத்தில் அவர்தான் கொலெத்தை அழைத்து, பாலேவாகப் போடக்கூடிய ஒரு தேவதைக் கதை எழுதித் தரச் சொன்னார். கொலெத்துக்கு அப்போதே நாவலாசிரியர் என்ற பெயர் உண்டு. ஆட்டமும் பாட்டும் வேடிக்கையும் கலந்த இசைக்கூடங்களின் (மியூசிக் ஹால்) மேடைகளில் நடித்துச் சம்பாதித்த அனுபவமும் உண்டு. மேடையில் எது எடுபடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இசைக்கு ரவேல் என்ற பேச்சு வந்ததும் கொலெத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாரிஸின் ஒரு சீமாட்டி வீட்டு இசை மாலைகளில் பல வருஷங்களுக்கு முன்பே அவர் ரவேலைப் பார்த்திருக்கிறார். குள்ளமான, நேர்த்தியாக உடுத்திய, யாரிடமும் ஒட்டாத இளைஞர் ரவேல். பழக்கம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

கொலெத் தன் கதைக்கு முதலில் வைத்த பெயர் 'என் மகளுக்கு ஒரு பாலே' என்கிற மாதிரியானது. "எனக்கு மகள் கிடையாதே" என்றாராம் ரவேல். பெயர் மாறிவிட்டது.

ஆனால் இந்தப் பேச்செல்லாம் நடப்பதற்குள் ரவேல் போர்முனைக்குப் போய்விட்டார். உடல் எடை போதவில்லை என்று ராணுவம் அவரைத் தள்ளியிருந்தது. விமானப் படையில் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் நாற்பதைத் தாண்டிய வயதில், 1916இல், வெர்டன் பக்கம் ராணுவ லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. லாரிக்கு அடெலாய்ட் என்று பெயர் வைத்திருந்தார். அந்த நாளில் வெர்டன் லட்சக்கணக்கான சிப்பாய்களைக் காவுவாங்கிய போர்க்களம். கொலெத்தின் எழுத்து அங்கேதான் அவருக்கு அனுப்பப்பட்டது, அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. வேறொரு பிரதி அவரை அடைந்தபோது 1917 ஆகிவிட்டது.

அந்த வருஷம் ஜனவரி 5ஆம் தேதி ரவேலின் அம்மா இறந்தார். பாஸ்க் இனத்துப் பெண்மணி. ரவேல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடுதான் வாழ்ந்தார், அவருடைய ஒட்டுதலெல்லாம் அம்மாவிடம்தான். போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களிலும் ஷெல்லடியைவிட அம்மாவின் உடல்நிலையைப் பற்றிய கவலைதான் அதிகம். இறப்புக்குப் பிறகு பல மாதங்கள் அவரால் எதையும் உருப்படியாக எழுத முடியவில்லை. அந்த நிலையில் இருந்த மனிதர் கையில்தான், 'அம்மா' என்று கூப்பிட்டு முடியும் இந்தக் கதை வந்து விழுந்தது.

கொலெத்தின் பக்கமும் நேராக இல்லை. அவருடைய அம்மா சிதோ 1912 செப்டம்பரில் இறந்தார். கொலெத் அடக்கத்துக்குப் போகவில்லை. அடுத்த ஜூலையில் மகள் பிறந்தாள். மகளைப் பெரும்பாலும் வளர்த்தது பாரிஸிலிருந்து வெகுதூரத்தில் ஒரு கிராமத்து மாளிகையில் ஓர் ஆங்கிலேயச் செவிலிதான். அம்மாவைக் கடைசியாகப் பார்க்கப் போகாத மகள், மகளோடு இல்லாத அம்மா என்று இரண்டு இடத்திலும் நின்ற ஒருவர் எட்டு நாளில் எழுதிய கதை இது. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்து படைப்பின் மேல் ஒட்டுவது எனக்கு அவ்வளவு பிடிக்காது, பெரும்பாலும் அது சோம்பேறி விமர்சனம். ஆனால் இந்த ஓப்பராவில் அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் பாசாங்கு செய்வதுபோல் ஆகிவிடும்.

1919 பிப்ரவரி. ஆல்ப்ஸ் மலையில் மெஜேவ் என்ற பனி ஊரில் உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்த ரவேல், தன் மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டு கொலெத்துக்குக் கடிதம் எழுதினார். அதில் சில கேள்விகள். அணிலின் பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியாதா? காட்டைப் பற்றி ஓர் அணில் சொல்லக்கூடியதையெல்லாம் நினைத்துப் பாருங்கள், அதெல்லாம் இசையில் என்னவாகும்! அப்புறம், கறுப்பு வெட்ஜ்வுட் (இங்கிலாந்துப் பீங்கான்) தேநீர்க் கெண்டியும் கோப்பையும் சேர்ந்து ஒரு ராக்டைம், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் துள்ளல் இசை, பாடினால் என்ன? பாரிஸ் ஓப்பராவில் ராக்டைம் என்ற நினைப்பே அவருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கொலெத் உடனே பதில் போட்டார். தாராளமாக ராக்டைம் வையுங்கள், ஓப்பராவின் தூசியைக் கிளப்ப ஒரு நல்ல இசைக்கூடக் காற்று அடிக்கட்டும் என்கிற ரீதியில். மேடையில் ஆடிப் பிழைத்தவர் அல்லவா.

இந்தக் கடிதங்களைத் தவிர இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. பூனைகளைப் பற்றி மட்டும் ரவேல் ஒரு சந்தேகம் கேட்டாராம், ரொம்ப மரியாதையாக: இந்த இடத்தில் 'மூவாவ்' என்பதற்குப் பதில் 'மூவேன்' என்று போட்டுக்கொள்ளலாமா, அல்லது அதற்கு நேர்மாறாகவா என்று. இசையமைப்பாளர் தன்னிடம் விவாதித்தது அவ்வளவுதான் என்று கொலெத் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

பிறகு மறுபடி மௌனம். 1920இல் கொஞ்சம் எழுதினார், நிறுத்தினார். 1921இல் பாரிஸுக்கு வெளியே மோன்ஃபோர் லமோரி என்ற சிற்றூரில் பெல்வெதேர் என்ற சின்ன வீட்டை வாங்கினார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அறைகள் எல்லாம் அவர் உயரத்துக்கு ஏற்ற மாதிரிச் சிறியவை. அலமாரிகளில் சாவி கொடுத்தால் ஆடும் பொம்மைகள், போலிச் சீனப் பொருள்கள். சியாமியப் பூனைகளும் வளர்த்தார். இந்த ஓப்பரா பெரும்பாலும் எழுதப்பட்டது அங்கேதான். கொலெத் நடுவில் ஒருமுறை கெஞ்சலும் கிண்டலுமாகக் கேட்டு எழுதினார், இது உண்மையிலேயே முடியப்போகிறதா என்று.

முடிந்தது ஒரு கெடுபிடிக்காரரால். மோன்ட்டே கார்லோ ஓப்பராவை நடத்திவந்த ரவூல் குன்ஸ்பூர்க், ரவேலின் முந்தைய ஓப்பரா தன் மேடையில் நன்றாக ஓடியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். சும்மா கேட்கவில்லை, தேதி போட்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். 1924 முழுக்க ரவேல் வீட்டைவிட்டு நகராமல், யாரையும் பார்க்காமல் வேலை செய்தார். ரூஷே பாரிஸ் ஓப்பராவுக்காகக் கேட்டது இப்படித்தான் மத்தியதரைக் கடலோரச் சூதாட்ட நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1925 மார்ச் 21. ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் விக்டர் டி சபாட்டா. இசைப் பிரதி கைக்கு வந்த 12 மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சிறுவனாகப் பாடியவர் மரி தெரேஸ் கோலே. நடனங்களுக்கு தியாகிலெவின் ரஷ்ய பாலேக் குழு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. 1920இல் ரவேல் தன் வால்ஸ் இசையை தியாகிலெவுக்கு வாசித்துக் காட்டியபோது, இது மகத்தான படைப்பு, ஆனால் பாலே இல்லை என்று சொல்லி அவர் நிராகரித்திருந்தார். ரவேல் அதை மறக்கவே இல்லை. மறுபடி சந்தித்தபோது கைகுலுக்க மறுத்தார் என்பார்கள். ஆனாலும் தியாகிலெவின் ஆட்கள்தான் நாற்காலிகளாகவும் தவளைகளாகவும் ஆடினார்கள். நடனம் அமைத்தவர் சோவியத் ரஷ்யாவிலிருந்து வெளியேறி ஒரு வருஷம்கூட ஆகாத 21 வயது இளைஞர், பெயர் ஜார்ஜ் பாலன்சின். பிற்காலத்தில் அமெரிக்க பாலேயின் முகத்தையே மாற்றப்போகிறவர்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது?

இரண்டு ஓபோக்கள், நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதும் மேற்கத்தியக் குழல்கள், தனியாகத் தொடங்கும். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நடக்கிற மாதிரி, நடுவில் பஞ்சமத்தின் தூரம் அல்லது மத்யமத்தின் தூரம் விட்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் அலையும். மதிய நேரத்தில் வீட்டில் சும்மா உட்காரவைக்கப்பட்ட குழந்தையின் சலிப்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் இசையில் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா வருகிறார். வீட்டுப்பாடம் எழுதவில்லை. தண்டனை: சர்க்கரை போடாத தேநீர், காய்ந்த ரொட்டி, ராத்திரிச் சாப்பாடு வரை தனிமை. அம்மா போனதும் ஆரம்பிக்கிறது. கெண்டியும் கோப்பையும் உடைகின்றன, கூண்டு அணிலுக்குப் பேனா முனையால் குத்து, பூனையின் வாலுக்கு ஓர் இழுப்பு. சுவர்க் காகிதம் கிழிகிறது. பெரிய கடிகாரத்தின் பெண்டுலத்தில் தொங்கி ஆடியதில் அது கையோடு வந்துவிடுகிறது. புத்தகங்களும் கிழிகின்றன. நான் கெட்டவன், நான் சுதந்திரமானவன் என்று கத்தி, களைத்துப்போய் நாற்காலியில் சாயப் போகிறான். நாற்காலி நகர்ந்து போய்விடுகிறது.

பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். நிறுத்த முடியாமல் மணியடித்துக்கொண்டே இருக்கும் கடிகாரம். அவனுக்கு ஆங்கிலத்தில் குத்துவிடப் போவதாக மிரட்டும் கெண்டி. அர்த்தமில்லாத போலிச் சீன மொழியில் பாடும் கோப்பை. இதை இன்று கேட்டால் கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது. நல்லவர்களுக்குக் கதகதப்பு, கெட்டவர்களுக்குச் சூடு என்று பாடிக்கொண்டு கணப்பிலிருந்து குதித்து வரும் நெருப்பு. கிழிந்த சுவர்க் காகிதத்தில் இருந்த இடையர்களும் இடைச்சிகளும் ஒருவரையொருவர் பிரிந்து போகிறார்கள்.

அப்புறம் இளவரசி. கிழித்துப்போட்ட கதைப் புத்தகத்திலிருந்து வருகிறாள். முந்தைய ராத்திரி அவன் கனவில் வந்தவள், அவனுடைய முதல் காதல். கூடப் பாடுவது கிட்டத்தட்ட ஒரு புல்லாங்குழல் மட்டும்தான். என் கதை எப்படி முடியும் என்று கேட்கிறாள். அவனுக்குத் தெரியாது, அவன்தானே கிழித்தவன். அவள் தரைக்குள் மறைந்துபோன பிறகு கடைசிப் பக்கத்தைத் தேடித் தரையெல்லாம் துழாவுகிறான். கைக்குக் கிடைப்பதெல்லாம் பாடப் புத்தகத் தாள்கள். அவற்றை உதைக்கிறான், அந்தத் தாள்களுக்கு நடுவிலிருந்து கணக்கு எழுந்து வருகிறது. கூன் விழுந்த கிழவர், உடம்பெல்லாம் எண்கள். ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள் திறந்திருக்கின்றன, ஒரு ஸ்டேஷனிலிருந்து இரண்டு பாசஞ்சர் ரயில்கள் புறப்படுகின்றன என்று மூச்சுவிடாமல் ஆரம்பிப்பார். நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த குழாய்கள், நன்றாகத் தெரிந்த ரயில்கள்! நாலும் நாலும் பதினெட்டு, பதினொன்றும் ஆறும் இருபத்தைந்து என்று எண்களின் கூட்டம் அவனைச் சுற்றி ஆடி, தலைசுற்றி விழும்வரை விடாது. சிரிப்பாக இருக்கும். ஆனால் காதலியின் முடிவைத் தேடுகிறவனுக்குக் கிடைப்பது கணக்குப் பாடம் என்று அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்திருப்பதுதான் கொலெத்தின் கைவண்ணம். எட்டு நாளில் எழுதினாராம்!

ரவேலின் ஆர்கெஸ்ட்ராவில் சமையலறைச் சீவுளியும் ஒரு வாத்தியம். பாலாடைக்கட்டி துருவுகிற தகரத்தைச் சுரண்டுவார்கள். வழுக்கிக்கொண்டே போகும் ஊதல் புல்லாங்குழல், காற்று எந்திரம், சாட்டை எல்லாம் உண்டு. லுதேயால் என்று ஒன்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒருவர் கண்டுபிடித்து பியானோவில் பொருத்திய கருவி, பியானோவை அதன் முன்னோடியான ஹார்ப்சிகார்ட் மாதிரியும், கம்பிகளைக் குச்சியால் தட்டும் சிம்பலோம் மாதிரியும் ஒலிக்க வைக்கும். வந்த வேகத்தில் வழக்கொழிந்துவிட்டது. அது கிடைக்காவிட்டால் சாதாரண பியானோவின் கம்பிகள் மேல் ஒரு தாளை வைத்து வாசியுங்கள் என்று ரவேல் குறித்துவைத்திருக்கிறார். நடைமுறை தெரிந்த மனிதர்.

இத்தனை வாத்தியங்களும் கூச்சல் போடுவதற்காக இல்லை. முக்கால்வாசி நேரம் ஆர்கெஸ்ட்ரா மெல்லிசாகத்தான் இருக்கும், நாலைந்து வாத்தியங்கள் பேசிக்கொள்ளும், மற்றவை சும்மா இருக்கும். பாட்டுதான் மேலே நிற்க வேண்டும் என்று ரவேல் நினைத்தார். அமெரிக்க இசை நாடகங்களின் பாணியில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் பாதி இரண்டு பூனைகளின் காதல் பாட்டில் முடியும். வார்த்தையே கிடையாது, வெறும் மியாவ். ஆண் பூனை ஒரு பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண் குரல்; பெண் பூனை ஒரு மெட்ஸோ, நடுத்தரப் பெண் குரல். தொடங்கும்போது சிரிப்பு வரும், முப்பது வினாடியில் சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் அது உண்மையான காதல் பாட்டு. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அறையின் சுவர்கள் விலகி, நிலா வெளிச்சத்தில் தோட்டம் திறக்கும். தவளைகள், தும்பி, வௌவால், ஆந்தை, தூரத்தில் ஒரு நைட்டிங்கேல். எனக்குத் தெரிந்து இருபதாம் நூற்றாண்டு ஓப்பராவில் இவ்வளவு அழகான காட்சி மாற்றம் வேறு இல்லை. மிகைப்படுத்துகிறேனா? இருக்கட்டும்.

இந்தப் பூனைகள்தான் பாரிஸில் கலவரம் செய்தன. மோன்ட்டே கார்லோவில் நல்ல வரவேற்பு. ஆனால் 1926 பிப்ரவரி 1ஆம் தேதி பாரிஸின் ஓப்பரா கோமிக் அரங்கில், ஆல்பர்ட் வொல்ஃப் நடத்திப் போட்டபோது அரங்கம் இரண்டுபட்டது. மரபுக்காரர்கள் கத்த, நவீனர்கள் கை தட்ட, பூனைப் பாட்டின்போது மேடையில் எத்தனை பூனை, கீழே எத்தனை பூனை என்று தெரியாத அளவுக்குச் சத்தம். கொலெத் தன் மகளுக்கு இதையெல்லாம் உற்சாகமாக எழுதியிருக்கிறார். நிரம்பிய அரங்கம், ஆனால் கொந்தளிக்கிற அரங்கம் என்று. மூத்த இசையமைப்பாளர் மெஸாஜே இதை ரசிக்கவில்லை. ஆனால் இளையவரான ஒனெகெருக்குப் பூனைப் பாட்டுதான் மிகவும் பிடித்திருந்தது. ரவேல் மியாவைப் போலிசெய்யவில்லை, மியாவிலிருந்து ஒரு மெட்டை எடுத்திருக்கிறார் என்று அவர் சொன்னதைவிடச் சரியாக அதைச் சொல்ல முடியாது.

கொலெத் இந்த இசையை முதன்முதலாகக் கேட்ட கதையைச் சொல்கிறேன் என்றேனே. எத்தனையோ வருஷம் காத்திருந்தவர். இடையர்களின் ஊர்வலத்தில் சின்ன மேளங்கள் முதல் தட்டு தட்டியதுமே ஆடிப்போய்விட்டார். நிலா வெளிச்சத் தோட்டம், தும்பிகளும் வௌவால்களும் பறப்பது எல்லாம் வந்தபோது தொண்டையில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. ரவேல் பக்கத்தில் நின்றுகொண்டு, "வேடிக்கையாக இருக்கிறது, இல்லையா?" என்றாராம்.

இந்த மனிதரின் இசையில் ரகசியம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இப்போது மேடைச் சிக்கலுக்கு வருவோம். கொலெத்தின் குறிப்புப்படி அறை தாழ்வானது, ஆனால் பொருள்கள் எல்லாம் அளவுக்கு மீறிப் பெரியவையாகத் தெரிய வேண்டும், சிறுவன் எவ்வளவு சின்னவன் என்பது பளிச்சென்று படவேண்டும். அம்மா வரும்போது அவர் முகம் தெரியக்கூடாது. ஒரு பாவாடை, பட்டு ஏப்ரனின் கீழ்ப்பகுதி, இடுப்புச் சங்கிலியில் தொங்கும் கத்தரிக்கோல், ஒரு கை. அவ்வளவுதான். என் அக்கா மகனோடு உட்கார்ந்து இதன் மேடைப் பதிவு ஒன்றைப் பார்த்தபோது அவன் கேட்ட ஒரே கேள்வி, "மாமா, அந்த அம்மாவுக்கு ஏன் முகமே இல்ல?" என்பதுதான். நாற்காலி பாடியது, டீக்கெண்டி பாடியது எதுவும் அவனுக்குக் கேள்வியாகவே படவில்லை.

ஆறேழு வயதுச் சிறுவனாகப் பாடுவது வளர்ந்த பெண்மணி, மெட்ஸோ குரல். இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஒருவரே இரண்டு மூன்றைப் பாடுவார்கள். நெருப்பும் நைட்டிங்கேலும் வழக்கமாக ஒரே பாடகிதான். நாற்காலி ஆட வேண்டும், நெருப்பு குதிக்க வேண்டும், மரம் முனக வேண்டும், தவளைகள் நடனமாட வேண்டும். ஒரு முழுநீள ஓப்பராவுக்கு ஆகிற செலவு ஆகும், ஆனால் முக்கால் மணியில் முடிந்துவிடும். கூட வேறு எதையாவது சேர்த்துப் போட்டால்தான் ஒரு மாலை நிறையும். இதனால்தான் எல்லோரும் புகழ்கிற இந்த ஓப்பராவை அடிக்கடி யாரும் போடுவதில்லை.

போட்டவர்கள் பட்டியல் சுவாரசியமானது. 1926இலேயே பிரஸ்ஸல்ஸ், அடுத்த வருஷம் பிராக், 1930இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ. பாரிஸ் ஓப்பராவில், அதாவது இதை முதலில் எழுதித் தரச் சொன்ன இடத்தில், அரங்கேறியது 1939 மே மாதம். அப்போதும் இயக்குநர் நாற்காலியில் அதே ரூஷேதான். ரவேல் மட்டும் இல்லை. மூளை நோயால் கடைசி வருஷங்களில் ஒரு கையெழுத்துப் போடவே திணறியவர், 1937 டிசம்பரில் இறந்துவிட்டார்.

பாலன்சின் இந்த ஓப்பராவை விடவே இல்லை. 1946இல் நியூயார்க்கில் தான் தொடங்கிய குழுவின் முதல் நிகழ்ச்சியிலேயே இதை மறுபடி அமைத்தார். ரவேலின் நூற்றாண்டான 1975இல் இன்னொரு தடவை. 1981இல் தொலைக்காட்சிக்காக மற்றொன்று, அப்போது அவருக்கு 77 வயது, இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். தொழிலின் தொடக்கத்தில் செய்த ஒரு வேலையை ஒரு கலைஞர் இத்தனை தடவை திருத்தி எழுதினால், எந்தத் தடவையும் அவருக்குத் திருப்தியாக வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அதே 1981 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவிலும் ஒரு தயாரிப்பு. இயக்கம் ஜான் டெக்ஸ்டர், ஓவியர் டேவிட் ஹாக்னி வரைந்த காட்சிகள், ரவேலின் மாணவர் மனுவேல் ரோசந்தால் நடத்திய ஆர்கெஸ்ட்ரா. சாட்டி, புலாங்க் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் இருவரின் படைப்புகளோடு சேர்த்து மூன்றாகப் போட்டார்கள். ஹாக்னியின் தோட்டம் பச்சையும் நீலமும் சிவப்புமாகப் படங்களிலேயே கண்ணைப் பறிக்கும். செக் நாட்டு நடனக் கலைஞர் யிரி கிலியான் 1984இல் இதை முழுக்க நடனமாக்கினார். 1987இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓப்பரா விழாவுக்குக் காட்சி அமைத்தவர் குழந்தைப் புத்தக ஓவியர் மாரிஸ் செண்டாக். அதே கிளைண்ட்போர்னில் 2012இல் லோரான் பெல்லி, கொலெத்தின் குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ராட்சத நாற்காலியையும் மேசையையும் போட்டு, பாடகியை நிஜமாகவே சின்னக் குழந்தை அளவுக்குக் காட்டினார். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடகர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே பதிவு செய்து, அனிமேஷனோடு இணையத்தில் வெளியிட்டார்கள். வீட்டுக்குள் அடைக்கப்பட்ட குழந்தையின் கதைக்கு அந்த வருஷம் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

என் கட்சி என்னவென்றால், காட்சி அமைப்பாளர் அதிகம் உழைக்கிற இடத்தில்தான் இந்த ஓப்பரா தோற்கிறது. நாற்காலி நகர்வதை ஆர்கெஸ்ட்ராவின் அடித்தொண்டையில் கரகரக்கும் ஒரு வாத்தியமே சொல்லிவிடுகிறது, அதற்குமேல் ஒரு நடனக்காரருக்கு நாற்காலி வேஷம் போட்டு ஆடவைத்தால் நாம் வேஷத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். பெல்லியின் தயாரிப்பு எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் அளவு என்ற ஒரே விஷயத்தை மட்டும் அவர் பிடித்துக்கொண்டதுதான். தோட்டக் காட்சிக்கு அதுவும் பெரிதாக உதவவில்லை.

தோட்டத்தில் நடப்பது இது. சிறுவன் கத்தியால் கீறிய மரம் காயம் வலிக்கிறது என்கிறது. தும்பி தன் துணையைத் தேடுகிறது. சிறுவன் அதை ஊசியால் சுவரில் குத்தியிருந்தான். அணில் பேசுகிறது, ரவேல் நீட்டச் சொன்ன பேச்சு: என் அழகான கண்களைப் பார்ப்பதற்காகவா கூண்டில் வைத்தாய், அந்தக் கண்களில் என்ன தெரிந்தது என்று உனக்குத் தெரியுமா, திறந்த வானமும் காற்றும் என் சகோதரர்களும்தான் என்று. மேலே விலங்குகள் ஜோடி ஜோடியாகக் கொஞ்சிக்கொள்வதைப் பார்த்து, தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றியதும் சிறுவன் தன்னையறியாமல் "அம்மா" என்கிறான். அந்தக் குரல் கேட்டதும் விலங்குகள் எல்லாம் அவன் மேல் பாய்கின்றன. அடிதடியில் ஓர் அணில் காயப்பட்டு அவன் பக்கத்தில் விழுகிறது. அவன் கழுத்து ரிப்பனை எடுத்து அதன் காலில் கட்டுகிறான். ஆர்கெஸ்ட்ரா கிட்டத்தட்ட நின்றே போகும்.

பிறகு அவனும் அடிபட்டுச் சோர்ந்து விழுகிறான். கட்டுப்போட விலங்குகளுக்குத் தெரியாது. அவன் கூப்பிட்ட சொல் மட்டும் நினைவிருக்கிறது. அதை உச்சரிக்கப் பழகுகின்றன. முதலில் ஒன்று தயங்கித் தயங்கி, பிறகு எல்லாம் சேர்ந்து. இரண்டு ஸ்வரம்தான். மேல் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்குகிற தூரம் இருக்கிறதே, அதே தூரம். ஓப்பரா முழுக்க அந்த இறக்கத்தை ரவேல் அங்கங்கே ஒளித்துவைத்திருக்கிறார், நாம் கவனித்திருக்க மாட்டோம். வீட்டில் விளக்கு எரிகிறது. சிறுவன் கை நீட்டி அதே இரண்டு ஸ்வரத்தில் கூப்பிடுகிறான், அத்தோடு ஓப்பரா முடிந்துவிடுகிறது. அம்மா வந்தாரா என்று காட்டுவதில்லை. சில இயக்குநர்கள் அம்மாவை மேடைக்கு வரவழைத்துக் கட்டிப்பிடிக்க வைக்கிறார்கள். எழுதியவர் காட்டாததை இவர்கள் எதற்குக் காட்டவேண்டும்?

கேட்க விரும்புகிறவர்களுக்கு: லொரின் மாஸல் 1960இல் பிரெஞ்சு வானொலி ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்த பதிவிலிருந்து தொடங்குங்கள். வேகமும் நகைச்சுவையும் துல்லியமும் ஒரே இடத்தில் கிடைக்கும். அது பிடித்துப்போனால் எர்னெஸ்ட் பூர் 1947இல் நடத்திய பதிவு, இதன் முதல் முழுப் பதிவு. பழைய மோனோதான், ஆனால் அந்தப் பாடகர்கள் வீட்டில் பேசுகிற மாதிரிப் பாடுவார்கள், ஒரு சொல்கூட நழுவாது. பாட்டு வரிகளை ஒருமுறை படித்துவிட்டு, வீடியோ எதுவும் பார்க்காமல், ஹெட்ஃபோனில் கேளுங்கள். மேடைப் பதிவுகளுக்கு அப்புறம் போகலாம்.

மேடையில் போடுகிறவர்களுக்கும் ஒரு யோசனை உண்டு, யாரும் கேட்கப்போவதில்லை. கூட இன்னொரு படைப்பைத் தேடி அலைய வேண்டாம். இதை மட்டும் போட்டு, டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்று, முக்கால் மணியில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு இடைவேளையில் காபி குடித்து, திரும்ப வந்து வேறொரு கதைக்குள் உட்கார என்னால் முடியாது.